பெட்டிக்காரரும் பேசாத டீசல் காரும்

"ஊமை வண்டின்னு உலகத்துல ஒண்ணு கிடையாது. கேட்கத் தெரியாதவன்தான் உண்டு. என் பெட்டியை மட்டும் சொருகு. காயலான் கடைக்குப் போற வண்டியும் எழுந்து உட்கார்ந்து வாக்குமூலம் கொடுக்கும்."

இந்தப் பிரகடனம் ஒரு பட்டறை வாசலில் வெளியிடப்பட்டது. கேட்கும் பேறு பெற்றவர்கள் இரண்டு பேர். ஒருவர் ஹார்ன் அடிக்காத ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு வந்தவர். அவருக்கு ஹார்ன் அடித்தால் போதும், வாக்குமூலம் தேவைப்படவில்லை. இன்னொருவர் பக்கத்துப் பட்டறை வெல்டர். அவர் டீ கிளாஸின் அடியில் தங்கிய சர்க்கரையைச் சுழற்றியபடி கேட்டார்:

"வண்டியைப் பேச வைக்கிறது சரி. உன் பேச்சை நிறுத்துறதுக்கு ஏதாவது பெட்டி வந்திருக்கா? வந்திருந்தா ஒண்ணு வாங்கணும்."

நம் வரலாற்று நாயகரின் இயற்பெயர் ரேஷன் கார்டிலும் கரண்ட் பில்லிலும் மட்டும் உயிரோடு இருக்கிறது. மற்ற எல்லா இடத்திலும் அவர் பெட்டிக்காரர். ஹெட்லைட்டும் இன்டிகேட்டரும் பார்த்து வந்த சாதாரண வயர்மேனாகத்தான் தொழிலைத் தொடங்கினார். பிறகு வண்டிகளுக்குள் கம்ப்யூட்டர் புகுந்தது. சக தொழிலாளிகள் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்த அந்த இருண்ட காலத்தில், நம்மவர் மட்டும் துணிந்து, அந்தக் கம்ப்யூட்டரிடம் கேட்டுப் பழுதைச் சொல்லும் ஒரு ஸ்கேனர் வாங்கினார். கறுப்பு நிறம், மூலைகளில் ஆரஞ்சு ரப்பர், நடுவில் கோடு விழுந்த ஒரு சின்னத் திரை, முழங்கை நீளத்துக்குத் தடித்த கேபிள், அதன் நுனியில் பதினாறு முனைகள் கொண்ட அகலமான பிளக். அதை டாக்டர் மாதிரிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு டீ குடிக்கப் போவார். டீக்கடைக்காரர் ஒரு தடவை நாடி பார்க்கச் சொல்லி மரியாதையாகக் கையை நீட்டியதாகக் கூட ஒரு தகவல் உண்டு. அதை உறுதி செய்ய முடியவில்லை.

பட்டறை போர்டில், 'கம்ப்யூட்டர் முறையில் வாகன நோய் கண்டறியப்படும்' என்று பெரிதாக எழுதி, அதற்குக் கீழே வயிற்றுப் பிழைப்பை முன்னிட்டு, 'ஹார்ன் வேலையும் செய்யப்படும்' என்று சின்னதாக எழுதியிருந்தார்.

நியாயமாகச் சொன்னால் கைவேலை சுத்தம். அவர் தொட்ட வண்டி அநேகமாக அதே பழுதோடு திரும்பி வராது. வாய்தான் கொஞ்சம் நீளம். ஒரு மணி நேரத்தில் முடித்த வேலையை இரண்டு மணி நேரம் விளக்குவார். ஒரு முறை கல்யாணப் பேச்சு கூடி வந்தது. பெண்ணின் அப்பா தன் காரில் வந்து இறங்கினார். நம்மவர் வணக்கம் சொல்வதற்கு முன்னால், "உங்க கிளட்ச் இன்னும் ரெண்டு வாரம்தான் தாங்கும் சார்" என்றார். அடுத்த வாரமே கிளட்ச் போனது. அதைத்தான் அவர்களால் கடைசி வரை பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

ஆகவே பட்டறைக்கு மேலே இருந்த ஒற்றை அறையில் தனிக்கட்டையாக இருந்தார். சாப்பாடு மட்டும் அக்கா வீட்டில். அக்கா வீட்டிலேயே தையல் மெஷின் போட்டு, பழைய துணிகளைப் பிரித்து அளவு மாற்றித் தைத்துக் கொடுப்பவள். அக்கா வீட்டுக்காரர், இவருக்கு மாமா, மூக்குக் கண்ணாடிக் கடைகளுக்கு லென்ஸ் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலையில் இருந்தார். நாளெல்லாம் காரில் அலைச்சல். வாயைத் திறந்தால் வார்த்தைக்கு வரி போடுவார்களோ என்று பயந்தவர் மாதிரிப் பேசுவார். இந்த இருவரும் ஒரே சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தால் மொத்தப் பேச்சின் அளவு சராசரிக்கு வந்துவிடும் என்பது அக்காவின் கணக்கு.

மாமாவின் கார் ஒரு பழைய டீசல் வண்டி. ஒரு காலத்தில் வெள்ளை. அதற்கு ஒரு வியாதி இருந்தது. வெயில் ஏறினால் ஓடிக்கொண்டே இருக்கும்போது பொட்டென்று நின்றுவிடும். அரை மணி நேரம் சும்மா விட்டால் ஒன்றுமே நடக்காதது போலக் கிளம்பும். மாமா அதற்கேற்ப வாழ்க்கையை அமைத்துக்கொண்டார். ஓரமாகத் தள்ளி நிறுத்துவார், வீட்டுக்கு ஒரு போன் போட்டு, "வண்டி நின்னுடுச்சு" என்பார். "சரி, உட்காருங்க" என்பாள் அக்கா. அவர் உட்கார்ந்து பேப்பர் படிப்பார். இல்லறம் இப்படி அமைதியாகப் போய்க்கொண்டிருந்தது.

இதைப் பார்த்துக்கொண்டு பெட்டிக்காரர் சும்மா இருந்தால் பெட்டி எதற்கு? ஒரு ஞாயிற்றுக்கிழமை பெட்டியைச் சொருகினார். வண்டி உடனே உண்மையைக் கக்கியது. இன்ஜின் எத்தனை சுற்று சுற்றுகிறது என்று எண்ணிச் சொல்லும் ஒரு சென்சார் உண்டு. கட்டைவிரல் அளவுதான். சூடானால் அது எண்ணுவதை நிறுத்திவிடுகிறது. 'இன்ஜின் சுற்றவில்லை போலிருக்கிறது' என்று கம்ப்யூட்டர் டீசலை நிறுத்திவிடுகிறது. பெட்டிக்காரர் புது சென்சாரை மாட்டினார். கம்ப்யூட்டரின் ஞாபகத்திலிருந்த பழைய குற்றச்சாட்டை அழித்தார். அந்த உற்சாகத்தில், பட்டறையில் சும்மா கிடந்த ஒரு ரேடியோவையும் பரிசாக டேஷ்போர்டில் பொருத்திக் கொடுத்தார்.

"இனிமே இந்த வண்டி நிக்காது மாமா. நின்னா, நான் பட்டறையைப் பூட்டிட்டு வந்து உங்க லென்ஸ் மூட்டையைத் தூக்கறேன்."

"அப்ப நான் பேப்பர் எங்கே படிக்கிறது?" என்றார் மாமா. அந்த வருஷத்தில் அவர் சொன்ன மிக நீளமான வாக்கியங்களில் அது ஒன்று.

ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஒரு மத்தியான வேளையில் மாமா வீட்டுக்கு போன் செய்து, வண்டி நின்றுவிட்டது என்றார். அக்கா, உட்காருங்கள் என்றாள். அவர் உட்கார்ந்தார். வெயில் சாய்ந்த பிறகு அந்த வழியாகப் போன யாரோ கண்ணாடியைத் தட்டியபோதும் உட்கார்ந்துதான் இருந்தார். மடியில் பேப்பர் பிரிக்காமல் இருந்தது. மாரடைப்பு என்றார்கள் ஆஸ்பத்திரியில்.

துக்கம் விசாரிக்க வந்தவர்கள் நாற்காலிகளில் வரிசையாக உட்கார்ந்திருந்தபோது, அக்கா தம்பியைப் பார்த்துச் சொன்னாள்:

"நிக்காதுன்னியேடா. நின்னுச்சே. அந்த வெயில்ல அவரைத் தகரப் பெட்டிக்குள்ள வச்சு வேக வச்சிட்டியே."

எல்லாத் தலைகளும் திரும்பின. கேள்வி முடியும் முன் பதில் சொல்லும் பெட்டிக்காரர் அன்று பதில் சொல்லவில்லை. எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு போனார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் அவர் சாப்பிடவில்லை. அவளும் கூப்பிடவில்லை.

பட்டறையில் அமைதி நிலவத் தொடங்கியது. வெல்டருக்கு முதலில் அது திருவிழாவாக இருந்தது. நாலாவது நாளே சாப்பாடு இறங்கவில்லை. பேச்சை நிறுத்தும் பெட்டியைக் கேட்டு வாங்கியவர் போல மனசு அடித்துக்கொண்டது.

"யோவ், ஏதாவது பேசித் தொலையேன்" என்றார்.

"அது நின்னுச்சா நிக்கலையான்னு தெரியணும்" என்றார் பெட்டிக்காரர்.

இதைத்தான் அவர் ராத்திரியும் பகலும் மென்றுகொண்டிருந்தார். தான் மாட்டின சென்சார் உண்மையிலேயே வாயை மூடிக்கொண்டதா? அப்படியென்றால் அக்கா சொன்னது சரி. இல்லையென்றால் சரியில்லை. வண்டியை வீட்டுக்கு எடுத்து வந்தவர்கள் சாவியைத் திருப்பியதுமே ஸ்டார்ட் ஆனதாம். அதனால் என்ன? ஆறிப்போனால் கிளம்புவதுதானே அதன் வழக்கம். ஆனால் சென்சார் ஒரு நொடி தவறியிருந்தாலும் கம்ப்யூட்டர் அதைக் குறித்து வைத்திருக்கும். உள்ளே ஒரு சாட்சி உட்கார்ந்திருக்கிறது. போய்க் கேட்க வேண்டியதுதான் பாக்கி.

"நீ போய் நின்னா அக்கா கதவைத் திறக்குமா?" என்றார் வெல்டர்.

"வண்டி வெளியிலதானே நிக்குது."

"அடேயப்பா, பெரிய ராஜதந்திரி. வா, நானும் வரேன். அடி விழுந்தா பாதி பாதி."

வெல்டரின் வேனில் போனார்கள். வீட்டுப் பக்கவாட்டில், காம்பவுண்டுச் சுவரை ஒட்டி, டீசல் கார் தூசி படிந்து நின்றது. அக்கா வாசற்படியில் உட்கார்ந்து பிளேடால் ஒரு பேன்ட்டின் தையலைப் பிரித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். வா என்று சொல்லவில்லை.

"எதுக்கு வந்தே?"

"பெட்டியைப் போட்டுப் பார்க்கணும்க்கா."

"பார்த்து?"

"என்ன ஆச்சுன்னு தெரியணும்."

"எனக்குத்தான் தெரியுமே" என்றாள். ஆனாலும் எழுந்து உள்ளே போய்ச் சாவியைக் கொண்டுவந்து படியின் ஓரத்தில் வைத்தாள். கையில் கொடுக்கவில்லை.

முதலில் பேட்டரி. நின்ற இடத்திலேயே நின்று உயிரை விட்டிருந்தது. வேனிலிருந்து சார்ஜ் ஏறிய பேட்டரியை வெல்டர் தூக்கி வந்தார்.

"பேட்டரி செத்துட்டா அதோட ஞாபகமும் போயிருக்குமே?" என்றார்.

"போகாது. இதுல நாம அழிச்சாத்தான் அழியும்."

"கொடுத்து வச்ச வண்டி. எனக்குக் காலையில சொன்னது சாயங்காலம் இல்ல."

அந்த பேட்டரியை மாட்டினதும் ஸ்டியரிங்குக்குக் கீழே குனிந்து பெட்டியைச் சொருகினார் பெட்டிக்காரர். திரை கறுப்பாகவே இருந்தது. விளக்குகூட எரியவில்லை. அவர் அலட்டிக்கொள்ளவில்லை. அந்த சாக்கெட்டுக்கும் சிகரெட் லைட்டருக்கும் ஒரே ஃபியூஸ் என்பது அவருக்குத் தெரியும். ஃபியூஸ் பெட்டியைத் திறந்து பார்த்தார். கருகியிருந்தது. லைட்டர் குழிக்குள் கையை விட்டால் மாமாவின் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு உலோகத் துண்டு வந்தது, மலிவான போன் சார்ஜரின் நுனி. வேறு ஃபியூஸ் போட்டார். திரை ஒளிர்ந்தது. வண்டியின் ரகத்தைத் தேர்ந்தெடுத்தார். 'தொடர்பு கொள்கிறது' என்ற அர்த்தத்தில் மூன்று புள்ளிகள் ஓடின. ஓடிக்கொண்டே இருந்தன. பிறகு சிவப்பு எழுத்தில் ஒரு வரி: தொடர்பு இல்லை.

"வாக்குமூலம் இன்னும் டைப் ஆகலையோ?" என்றார் வெல்டர்.

சாவியை ஒரு தடவை மூடித் திறந்தார். தொடர்பு இல்லை. பிளக்கை உருவி, முனைகளை ஊதி, மறுபடி அழுத்தினார். தொடர்பு இல்லை. கேபிளில் எங்காவது அறுந்திருக்குமோ என்று வெல்டரின் வேனில் மாட்டிப் பார்த்தார். வேன் உடனே பேசிற்று. அதுவும் வளவளவென்று, கேட்காத குறையெல்லாம் சொல்லிற்று. வெல்டர் முகம் சுருங்கியது.

"என் குடும்ப விஷயம் இப்ப எதுக்கு? உன் வண்டியைப் பார்."

ஆக, பெட்டி நல்ல பெட்டி. கேபிள் நல்ல கேபிள். மறுபடியும் டீசல் காருக்குள் தலைகீழாகப் படுத்தார் பெட்டிக்காரர். எர்த் சரியாக வருகிறதா என்று டெஸ்ட் லாம்பால் பார்த்தார். வந்தது. கம்ப்யூட்டருக்குக் கரண்ட் போகிறதா? போனது. போகாவிட்டால் வண்டியே ஸ்டார்ட் ஆகாதே. கால்கள் கதவுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்க, உள்ளிருந்து முனகல் மட்டும் வந்தது.

அக்கா பிரித்த நூலை முழங்காலில் ஒட்டிக்கொண்டே இருந்தாள். ரொம்ப நேரம் கழித்து, அந்தக் கால்களைப் பார்த்துப் பேசினாள். முகத்தைப் பார்த்துப் பேசுவதைவிட அது சுலபமாக இருந்திருக்க வேண்டும்.

"போன்ல குரல் ஒரு மாதிரி இருந்துச்சு."

உள்ளே டெஸ்ட் லாம்ப் ஒரு முறை எரிந்து அணைந்தது.

"கோபமா இருக்காரோன்னு நெனச்சேன். வழக்கமா, 'வண்டி நின்னுடுச்சு'ன்னு சொல்லிட்டு வச்சிடுவாரு. அன்னைக்கு வைக்கல. லைன்லயே இருந்தாரு. நான்தான், 'உங்க மச்சான் ரிப்பேர் பண்ணின லட்சணம்'னு ரெண்டு திட்டு திட்டிட்டு வச்சேன். மெஷின்ல துணி பாதியில நின்னுச்சு."

வெல்டர் காம்பவுண்டுச் சுவரில் ஒரு செங்கல்லைக் கூர்ந்து ஆராயத் தொடங்கினார்.

"உடம்பு சரியில்லைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் ஆட்டோ பிடிச்சு ஓடியிருக்க மாட்டேனா? வண்டின்னுதானே சொன்னாரு."

"மாமா எப்பக்கா உடம்பு சரியில்லைன்னு சொல்லியிருக்காரு?" என்றது உள்ளிருந்து குரல். சும்மா, ஆறுதலுக்குத்தான் சொன்னார்.

அக்காவுக்குச் சிரிப்பு மாதிரி ஏதோ வந்தது. "அது வாஸ்தவம். நூத்தி ரெண்டு காய்ச்சல்ல, இந்த ஃபேன் சரியில்லைன்னு ஃபேனைத் திட்டுவாரு. முட்டி வலிச்சா, படியை எவன்டா இவ்வளவு உயரமா கட்டினான்னு கேட்பாரு. பல்லு வலிக்கு அரிசியைக் குத்தம் சொன்ன மனுஷன்." பிளேடை நிறுத்தினாள். "ஆனா அன்னைக்கு வண்டிதான். அது நிக்கிற வண்டிதானே. நின்னுதான் இருக்கும்."

உள்ளே பெட்டிக்காரர் வேறொரு விஷயத்தில் மூழ்கியிருந்தார். மல்ட்டிமீட்டரை எடுத்து, சாக்கெட்டில் ஏழாம் நம்பர் முனையைத் தொட்டார். இது மாதிரிப் பழைய வண்டிகளில் கம்ப்யூட்டரும் பெட்டியும் பேசிக்கொள்வது ஒரே ஒரு கம்பி வழியாகத்தான். யாரும் பேசாதபோது அந்தக் கம்பியில் கிட்டத்தட்ட பேட்டரி அளவுக்கே வோல்ட் இருக்க வேண்டும். மீட்டர் முள்ளோ தரையோடு ஒட்டிக்கிடந்தது. அதாவது கம்ப்யூட்டர் ஊமையல்ல. வேறு யாரோ அதன் கழுத்தைப் பிடித்து அழுத்திக்கொண்டிருக்கிறார்கள்.

யார்? அந்தக் கம்பியில் தொங்கும் ஒவ்வொன்றையும் கழற்றினார். ஏர்பேக் பெட்டியைக் கழற்றினார், முள் எழவில்லை. மீட்டர் போர்டைக் கழற்றினார், எழவில்லை. ஒவ்வொரு பிளக்கையும் கழற்றும்போது, இதை மாட்டின மகானுபாவன் யார் என்று வாய்க்குள் திட்டினார். கம்பெனியைத் திட்டினார். இதற்கு முன் வண்டியை வைத்திருந்தவரைத் திட்டினார். மாமாவின் காலத்துக்கு முந்திய ஏதோ ஒரு முகம் தெரியாத எலக்ட்ரீஷியனின் பரம்பரையைச் சந்திக்கு இழுத்தார்.

"ரேடியோ?" என்றார் வெல்டர்.

உள்ளே சத்தம் நின்றது.

இங்கே தொழில் ரகசியம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இந்த ரக வண்டியில், ரேடியோ பிளக்கின் ஒரு முனைக்கு அந்தப் பேச்சுக் கம்பியையும் கொண்டுவந்து கொடுத்திருப்பார்கள். கம்பெனி ரேடியோ என்றால் பிரச்சினை இல்லை. வெளி ரேடியோ மாட்டுகிறவர்கள் அந்த ஒரு கம்பியை மட்டும் வெட்டி டேப் சுற்றிவிட வேண்டும். இல்லாவிட்டால் ரேடியோ பாடும், கம்ப்யூட்டர் ஊமையாகும். இதைப் பற்றி அந்த வட்டாரத்திலேயே அதிகமாக உபதேசம் செய்தவர் நம் பெட்டிக்காரர்தான். ரேடியோ மாட்டும் கடைக்காரர்களை அவர் கூப்பிடும் பெயர்களை இங்கே அச்சிட முடியாது. அந்த ஞாயிற்றுக்கிழமை, நிக்கவே நிக்காது என்று மாமாவிடம் விளக்கிக்கொண்டே, பிளக்கை அப்படியே முழுசாகத் தள்ளிவிட்டிருந்தார். அதற்கு முன்னாலேயே பெட்டியைக் கழற்றி உறையில் போட்டுவிட்டதால், வண்டிக்கு வாய் அடைத்துப்போனது அவருக்குத் தெரியவில்லை.

ரேடியோவின் இரண்டு பக்கமும் தகடு விட்டு நெம்பி வெளியே இழுத்தார். பின்னாலிருந்த பிளக்கைப் பிடுங்கினார். மீட்டர் முள் துள்ளி எழுந்தது.

"ஏதோ ஒரு மகானுபாவன் மாட்டியிருக்கான்" என்றார் வெல்டர், மெதுவாக. பெட்டிக்காரர் கேபிளை எடுத்தார்.

பெட்டியைச் சொருகினார். மூன்று புள்ளிகள் ஓடின. இரண்டாவது சுற்று ஓடுவதற்குள் திரை பச்சையாகி, கம்ப்யூட்டரின் நம்பர் வந்தது, இன்ஜின் ரகம் வந்தது. 'பதிவான பழுதுகள்' என்ற இடத்தில் விரலை வைத்தார். பல வண்டிகளின் தலையெழுத்தை அலட்சியமாகத் தட்டித் திறந்த விரல் அது. இன்று தட்டுவதற்குக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டது.

பழுதுகள்: எதுவும் இல்லை.

நம்பாமல் வெளியே வந்து மறுபடி உள்ளே போனார். எதுவும் இல்லை. சென்சார் ஒரு தடவைகூடத் தவறவில்லை. அன்று மத்தியானம் இன்ஜின் தானாக நிற்கவில்லை. யாரோ ஓரமாக ஓட்டி வந்து, சாவியைத் திருப்பி நிறுத்தியிருக்கிறார்கள்.

பெட்டிக்காரர் எழுந்த வேகத்தில் தலை கதவுச் சட்டத்தில் மடேரென்று இடித்தது. வலி தெரியவில்லை. இத்தனை நாளாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த கல்லை யாரோ தூக்கிப் போட்டுவிட்டார்கள். 'அக்கா' என்று கத்துவதற்கு வாயைத் திறந்தார். அந்த ஒரு சொல்லுக்குப் பின்னால் இத்தனை நாள் அடைபட்ட பேச்செல்லாம் வரிசையில் நின்று தள்ளிக்கொண்டிருந்தது. துக்க வீட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவர்களை ஒவ்வொருவராக வீடு தேடிப்போய்த் திரையைக் காட்டலாம் என்ற திட்டம்கூட அந்த ஒரு நொடியில் தயாராகிவிட்டது.

அக்கா படியிலிருந்து எழுந்து நின்றிருந்தாள். மடியிலிருந்த பேன்ட் கீழே விழுந்ததைக் கவனிக்கவில்லை.

"நின்னுதான்டா இருந்திருக்கும்?" என்றாள். "சொல்லுதா? நின்னுச்சுன்னு சொல்லுதா?"

பெட்டிக்காரரின் வாய் திறந்தபடியே இருந்தது.

ஃபேனைத் திட்டின மனுஷன். படியைக் குற்றம் சொன்ன மனுஷன். நெஞ்சு அடைத்தபோது வண்டியை ஓரம் கட்டி, சாவியைத் திருப்பி, வீட்டுக்கு போன் போட்டு, வண்டி நின்றுவிட்டது என்று சொல்லியிருக்கிறார். சொல்லிவிட்டு போனை வைக்காமல், லைனிலேயே இருந்திருக்கிறார்.

"என்னடா?"

"இரு. இன்னும் ஏறல" என்றார் பெட்டிக்காரர்.

மறுபடி காருக்குள் குனிந்தார். வெயில் வெளிச்சத்தில் எழுத்து தெரியாதது போலத் திரையை மார்போடு சாய்த்துக்கொண்டார். நல்ல மனிதர் ஒருவர் இந்த இடத்தில் என்ன செய்வார் என்று நமக்குத் தெரியும். 'ஆமாக்கா, நான் மாட்டின சென்சார்தான் காலை வாரிடுச்சு' என்று சொல்லி, பழியை முழுசாகத் தலையில் ஏற்றிக்கொள்வார். பெட்டிக்காரர் அதைச் சொல்லிப் பார்த்தார், உதட்டுக்குள்ளேயே. 'நான் மாட்டின' வரைக்கும் வந்தது. அதற்கு மேல் வரவில்லை. அவ்வளவு பெரிய தியாகிக்கான அளவில் அவரைத் தைக்கவில்லை. தவறாத ஒரு சென்சாரைத் தவறியது என்று சொல்ல அந்த நாக்கு கற்றுக்கொண்டதில்லை.

சீட்டில் கிடந்த ரேடியோவை எடுத்தார். அதன் பிளக்கை, அந்த ஞாயிற்றுக்கிழமை செய்தது போலவே, ஒரு கம்பியையும் வெட்டாமல், கிளிக் என்று கேட்கும் வரை அழுத்தினார். ரேடியோவை டேஷ்போர்டுக்குள் தள்ளினார். காம்பவுண்டுச் சுவரோரம் நின்ற வெல்டர் அதைப் பார்த்தார். பல வருஷமாக அவர் இதுமாதிரி ஒரு சந்தர்ப்பத்துக்காக ஒரு நல்ல கிண்டலைத் தயார் செய்து வைத்திருந்தார். அதை அப்படியே விழுங்கிவிட்டு, பேட்டரியின் கைப்பிடியைத் துணியால் துடைக்க ஆரம்பித்தார்.

"வாக்கா, நீயே பாரு" என்றார் பெட்டிக்காரர்.

அக்கா வந்து கதவைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். அவள் கண்ணெதிரில் பெட்டியைச் சொருகினார், சாவியைத் திருப்பினார். மூன்று புள்ளிகள் ஓடின. சிவப்பு எழுத்து வந்தது.

"என்னடா போட்டிருக்கு?"

"பேச மாட்டேங்குதுக்கா."

"இன்னொரு தடவை பண்ணு."

இன்னொரு தடவை செய்தார். அதே சிவப்பு.

"உன் பெட்டிக்கே பேசாதா?"

"பேசாது."

"வேற யாராவது, பெரிய கம்பெனில கொண்டுபோய்க் காட்டினா?"

"அவங்க பெட்டிக்கும் பேசாது. வயசான வண்டி. சில வண்டிங்க அப்படித்தான்."

அக்கா திரையை இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். தோள்கள் மெல்ல இறங்கின. போய்ப் படியில் கிடந்த பேன்ட்டை எடுத்து உதறினாள். பிளேடைத் தேடி எடுத்தாள்.

"அப்ப நீ மாட்டினதாத்தான் இருக்கும்" என்றாள்.

பெட்டிக்காரர் கேபிளை முழங்கையில் சுற்றிக்கொண்டிருந்தார். சுற்றி முடித்து, ரப்பர் பேண்டைப் போட்டார்.

"இருக்கும்க்கா" என்றார்.